அப்பா இருக்கும்போது தலையா?

காலையில் அந்தத் தொலைபேசி அடித்ததும் ரைஹான் அபாய் எழுந்து நின்றுவிடுவார். எதிரே மாணவன் அழுதுகொண்டிருந்தாலும் சரி, டீனே வந்து உட்கார்ந்திருந்தாலும் சரி. அந்தப் பக்கம் பேசுவது அவருடைய அப்பா. வயது எண்பத்தெட்டு. ஓய்வுபெற்ற மாட்டு வைத்தியர். தல்திகோர்கானில் மகன் வீட்டில் இருந்துகொண்டு, மருமகள் போடும் தேநீரில் குற்றம் கண்டுபிடிப்பதை முழுநேரத் தொழிலாக வைத்திருக்கிறார். "சாப்பிட்டியாம்மா? சால்வை போட்டிருக்கியா? மேல இருக்கறவங்ககிட்ட எதிர்த்துப் பேசாதே." ஐம்பத்தேழு வயது ரைஹான் அபாய் தலையைக் குனிந்துகொண்டு, "சரிங்கப்பா, பேச மாட்டேங்கப்பா" என்பார். பிறகு உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து டீனை எதிர்த்துப் பேசுவார்.

அல்மாத்தியில் அபாய் என்றால் அக்கா, டீச்சர், பெரியம்மா எல்லாம்தான். நம் அபாயத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் ரைஹான் அபாயிடம் விருப்பப் பாடம் கேட்டுப் போன பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ஒரு வணிகக் கல்லூரியில் அயல்நாட்டு மாணவர் பிரிவு அவர் கையில் இருக்கிறது. ஒரே ஒரு செமஸ்டர் படித்துவிட்டுப் போக வரும் பிள்ளைகளுக்குப் பாடம் ஒதுக்குவது வேலை. துருக்கி, கொரியா, போலந்து என்று எங்கெங்கிருந்தோ பெட்டியும் பனிக்குல்லாயுமாக வந்து இறங்குவார்கள். எங்கள் கல்லூரி இன்ன இன்ன பாடம் எடுக்கச் சொல்லியிருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். அபாய் கிண்ணத்தில் பாதி அளவுக்குப் பால் தேநீர் ஊற்றி அவர்கள் பக்கம் நகர்த்துவார். "விருப்பப் பாடம்னுதானே போட்டிருக்கு? யாரு விருப்பம்னு போட்டிருக்கா? விருந்தாளி ஆட்டைவிடச் சாதுன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. வச்சதைத் தின்னுட்டுப் போ கண்ணு."

வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. விருந்தில் அவித்த ஆட்டைப் பங்கு போடுவது போலத்தான் அவர் பாடங்களைப் பங்கு போடுவார். சொன்ன பேச்சு கேட்காத பிள்ளைக்கு ஆட்டின் காதைக் கொடுப்பது வழக்கம். அபாய் அவனுக்கு 'வாடிக்கையாளர் குறைகேட்பு' என்ற பாடத்தைக் கொடுப்பார். வாயைத் திறக்காத பெண்ணுக்கு நாக்கு, அதாவது விளம்பரக் கலை. மாப்பிள்ளைக்கு நெஞ்சுக் கறி வைக்க வேண்டும். ஆகவே நிச்சயதார்த்தம் ஆன பையன் யாராவது சிக்கினால் 'நீண்டகால ஒப்பந்தங்கள்' அவன் தலையில் விழும். கணினியின் கடவுச்சொல் அபாய் ஒருவருக்குத்தான் தெரியும். எனவே எந்தக் கொம்பனும் மாற்றிக்கொள்ள முடியாது. வேடிக்கை என்னவென்றால், போகும்போது பாதிப் பேர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் கொடுத்த பாடம்தான் எனக்குப் பொருத்தம் என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

வம்பெல்லாம் தலையில்தான். கல்லூரியிலேயே எல்லாரும் அடித்துக்கொள்ளும் பாடம் 'தலைமைப் பண்பு'. அதன் பெயரைக் கசாக் மொழியில் எழுதியது அபாய்தான். தலையிலிருந்து தலைவர், தலைவரிலிருந்து தலைமை; தமிழில் எப்படியோ கசாக்கிலும் அப்படியே. எழுதி முடித்ததும் அவருக்குச் சுருக்கென்றது. விருந்தில் ஆட்டுத் தலையை மூத்தவர் முன்னால் வைப்பார்கள். அப்பா உயிரோடு இருக்கிறவன் அதை வாங்கக் கூடாது. வாங்கினால் அப்பாவை முந்திக்கொண்டதாக அர்த்தம். ஆட்டுத் தலைக்கே இந்தச் சட்டம் என்றால் ஒரு செமஸ்டர் தலைமைக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? அன்றிலிருந்து அந்தப் பாடம் கேட்டு வருகிறவர்களிடம் அவர் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. தேநீரை நகர்த்திவிட்டு, "அப்பா இருக்காரா?" என்று மட்டும் கேட்பார்.

டீன் எர்கெபுலான் தலைகீழாக நின்று பார்த்தார். பாடத்தின் பெயரை 'குழுச் செல்வாக்கு' என்று மாற்றலாம் என்றார். அபாய் அவரை இரக்கத்தோடு பார்த்து, "ஆட்டுத் தலைக்கு முட்டைக்கோஸ்னு பேரு வச்சா அது சைவமாயிடுமா?" என்று கேட்டார். விஷயம் விடுதிக்குள் பரவியதும் மாணவர்கள் தங்கள் அப்பாக்களைச் சாகடிக்க ஆரம்பித்தார்கள். பாடம் நடத்தும் இளம் ஆசிரியருக்கு இது தெரியாது. உங்களைக் கவர்ந்த முதல் தலைவர் உங்கள் அப்பாதானே என்று முதல் வகுப்பில் உற்சாகமாகக் கேட்டார். வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டது. பெற்றோர் தினத்தன்று அந்த வகுப்பின் வீடியோ அழைப்பில் அம்மாக்கள் மட்டுமே வந்தார்கள்.

ஊருக்குச் சொல்லும் சட்டத்தை அபாய் தனக்கும் வைத்துக்கொண்டிருந்தார், அதையும் சொல்ல வேண்டும். அவர் அறையில் நல்ல நாற்காலி ஒன்றே ஒன்றுதான். தோல் உறை போட்டது, சுழலும், சாயும். அது பிரிவுத் தலைவரின் நாற்காலி. பழைய தலைவர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து அதில் அபாயின் தேநீர் ஃபிளாஸ்க்தான் உட்கார்ந்திருந்தது. அபாய் பக்கத்தில் ஒரு முக்காலியில் இருந்துகொண்டு அந்தப் பதவியின் வேலை முழுவதையும் செய்தார். நீங்களே தலைவராகிவிடுங்கள் என்று டீன் வருஷா வருஷம் கெஞ்சுவார். "எங்கப்பா இருக்காரே" என்று பதில் வரும். இந்த வருஷம் டீன் கெஞ்சவில்லை, வருத்தத்தோடு சொன்னார்: "இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள நீங்க ஒத்துக்கலேன்னா தலைநகர்லேர்ந்து ஒரு ஆளைப் போடுறாங்க, அபாய். வந்ததும் அவன் எல்லாத்தையும் கணினில விட்டுடுவான். பிள்ளைங்களே பட்டனைத் தட்டிப் பாடம் எடுத்துக்கும். உங்க முக்காலியும் இருக்காது." அபாய் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீனுக்கு ஊற்றினார். கிண்ணம் விளிம்புவரை நிரம்பியது. குடித்துவிட்டுக் கிளம்பு என்றால்தான் இங்கே அப்படி ஊற்றுவார்கள். வேண்டுமென்று ஊற்றவில்லை பாவம், அவர் கவனம் கிண்ணத்தில் இல்லை.

அதே வாரம் திங்கட்கிழமை துன்ஜாய் வந்தான். துருக்கிப் பையன், எர்ஸுரூம் ஊர்க்காரன். தலைமைப் பாடம் இல்லாமல் திரும்பினால் இங்கே படித்தது எதுவும் செல்லாது என்று அவன் கல்லூரி கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தது. அப்பா இருக்கிறாரா என்று அபாய் கேட்டதும், இருக்கிறார், லாரி ஓட்டுகிறார் என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தான். காதுதான் கிடைத்தது. விடுதிக்குப் போய்ச் சொன்னபோது மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் தங்கள் வழியைச் சொல்லிக்கொடுத்தார்கள். புதன்கிழமை கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு மறுபடி வந்தான்.

மற்றவர்களுடைய அப்பாக்கள் எல்லாரும் எப்போதோ செத்தவர்கள். இவனுடைய அப்பா திங்கட்கிழமை இருந்துவிட்டுப் புதன்கிழமை இல்லை. அபாய் முக்காலியிலிருந்து எழுந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். பாடம் அந்த நிமிஷமே கிடைத்துவிட்டது. பையன் எதிர்பார்க்காதது மிச்சம்தான். அன்று மாலை டீன், கணக்குப் பிரிவு, காவலாளி உட்பட எல்லாரும் அவித்த கறியோடு விடுதிக்குத் துக்கம் கேட்க வந்தார்கள். ஊருக்குப் போகவில்லையா என்று டீன் கேட்டதற்கு, அடக்கம் செய்தாகிவிட்டது என்று துன்ஜாய் முனகினான். அவ்வளவு சீக்கிரமா என்று காவலாளி ஆச்சரியப்பட்டார். குற்றவுணர்வில் பையனுக்குக் கறி இறங்கவில்லை. அதைப் பார்த்து அபாய் இன்னும் அழுதார்.

வெள்ளிக்கிழமை வந்தது. இறந்தவர்களுக்காக எண்ணெயில் ஏழு மெல்லிய ரொட்டி பொரித்துப் பங்கிடும் நாள். அபாய் வீட்டிலேயே பொரித்து, துணியில் சுற்றி அலுவலகத்துக்குக் கொண்டுவந்திருந்தார். மத்தியானம் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். புகை படிந்த மீசை, கம்பளிக் குல்லாய், டீசல் வாடை. துருக்கிய மொழியும் கசாக் மொழியும் பங்காளி வீடுகள் மாதிரி. பாதி புரியும், பாதிக்குச் சண்டை வரும். லாரியில் ஏற்றிவந்த கழிவறை ஓடுகளை நகரத்தில் இறக்கிவிட்டு வந்ததாகவும், பெயர் முஸாஃபர் என்றும், சொல்லாமல் வந்து துன்ஜாயை அசத்தலாம் என்று நினைத்ததாகவும் அவர் சொன்னது முழுக்கப் புரிந்தது.

நம் ஊராக இருந்தால் கால் தரையில் படுகிறதா என்று முதலில் பார்த்திருப்பார்கள். அபாய்க்கு அப்படிப் பார்க்கத் தோன்றவில்லை. வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் உட்கார வைக்க வேண்டும். முக்காலியைக் கொடுக்க முடியாது. ஃபிளாஸ்க்கைத் தூக்கி மேஜையில் வைத்துவிட்டு நல்ல நாற்காலியைக் காட்டினார். தேநீர் ஊற்றினார். வேறு பலகாரம் இல்லாததால் துணியைப் பிரித்தார்.

முஸாஃபர் இரண்டு ரொட்டி தின்றார். பிரமாதம் என்றார். யாருக்காகப் பொரித்தீர்கள் என்று விசாரித்தார்.

"உங்களுக்காகத்தான்" என்றார் அபாய்.

நான் வருவது எப்படித் தெரியும் என்று நெகிழ்ந்துபோய் அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மூன்றாவது ரொட்டியை எடுத்தபோது துன்ஜாய் உள்ளே வந்தான். அப்பாவைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான், கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மறைக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் கொட்டினான்.

"நான் எப்படா செத்தேன்?" என்று கேட்டார் முஸாஃபர்.

"புதன்கிழமை."

"எப்படி?"

"லாரி கவுந்து."

அதுவரை பொறுமையாக இருந்த மனுஷருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "லாரியையா கவுத்தே? இத்தனை வருஷத்துல என் வண்டில ஒரு கோடு விழுந்ததில்லைடா. மாரடைப்புன்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

அபாய் கணினிப் பக்கம் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது. பொய் சொன்னதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை; உயிரோடு இருக்கிற மனிதனுக்காக ரொட்டி பொரித்து ஓதிவிட்டோமே என்றுதான் இருந்தது. "பேரை எடுத்துடறேன். அப்பா இருக்கும்போது தலை கிடையாது" என்றார். துன்ஜாய் கெஞ்சவில்லை. இனி என்ன முகத்தோடு கெஞ்சுவது? என்ன தலை, யாருடைய தலை என்று முஸாஃபர்தான் கேட்டார். அபாய் கையாலும் வாயாலும் விளக்கினார். அவர் மீசையைத் தடவிக்கொண்டு முழுவதையும் கேட்டார். பிறகு தன் கம்பளிக் குல்லாயைக் கழற்றி, தரையில் கிடந்த மகனின் தலையில் காதுவரை இழுத்து மாட்டினார்.

"அப்பன் உயிரோட இருந்து, தன் கையாலயே எடுத்துக் கொடுத்தா? அதுக்கு என்ன சட்டம்க்கா?"

பட்டனை அழுத்தப்போன அபாயின் விரல் நின்றது. இத்தனை வருஷத்தில் அப்பாவைக் கொன்றுவிட்டு வந்தவர்கள் எத்தனையோ பேர். அப்பாவைக் கேட்டுவிட்டு வந்தவர் ஒருவரும் இல்லை.  எழுந்து நின்று தல்திகோர்கானுக்குத் தொலைபேசி போட்டார். வழக்கமாக அப்பாதான் கூப்பிடுவார் என்பதால் அந்தப் பக்கம் கிழவர் பதறிப்போய், யார் போய்ச் சேர்ந்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்று தேற்றிவிட்டு அபாய் சந்தேகத்தைக் கேட்டார்.

"தலையா? எங்கப்பா இருக்கும்போதே நான் வாங்கியிருக்கேனே" என்றார் கிழவர். "ஒரு கல்யாணத்துல அவரே என் பக்கம் தள்ளி விட்டாரு. அவருக்குப் பல்லு இல்ல. கேட்டா எந்த அப்பன் தர மாட்டேங்கறான்? நீ எப்பவாவது கேட்டியா?"

அபாய் தோல் நாற்காலிப் பக்கம் திரும்பினார். "அப்பா, இங்க ஒரு நாற்காலி இருக்கு" என்றார், பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலில்.

"அப்புறம் என்ன? உட்காரேம்மா. ஏன் நின்னுக்கிட்டிருக்கே?"

அப்பாவும் மகனும் மீதி ரொட்டியைத் துணியோடு வாங்கிக்கொண்டு போனார்கள். துன்ஜாயின் பெயர் இருந்த இடத்திலேயே இருந்தது. மாலையில் டீன் பதிலைக் கேட்க வந்து, கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். தோல் நாற்காலியின் நுனியில், ஃபிளாஸ்க்கை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரைஹான் அபாய் உட்கார்ந்திருந்தார். டீன் வாழ்த்துச் சொல்ல வாயெடுப்பதற்குள் தொலைபேசி அடித்தது. மதியம் பேசியது போதவில்லை போலிருக்கிறது, தல்திகோர்கான்தான். பிரிவுத் தலைவர் எழுந்து நின்றார்.