அளவு நோட்டில் இருந்த பச்சை

கிழக்குத் தாம்பரத்தில் நான் மாடியில் குடியிருந்தேன். கீழ்ப் போர்ஷனில் ஒரு அக்கா தையல் கடை வைத்திருந்தார். கல்யாண ஜாக்கெட்டுகளுக்கு ஜரிகை வேலை செய்வதில் கைதேர்ந்தவர். அவருடைய கணவருக்கு சவுதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. நான் பக்கத்துப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. கடைக்கு ஒரு இணையதளம் வேண்டும், அங்கிருந்து தன் கணவரும் பார்க்க வேண்டும் என்று அக்கா கேட்டார். செய்து தருவதாகச் சொன்னேன்.

இலவசமாகக் கிடைத்த ஒரு தீம் இறக்கிப் போட்டேன். தளத்துக்கு ஆயத்த உடுப்பு மாதிரி அது. பிறகு அதன் கோப்புகளுக்குள்ளேயே கைவைத்து மாற்ற ஆரம்பித்தேன். மேலே இருந்த பனிமலைப் படத்தை எடுத்துவிட்டு அக்காவின் கடைப் படத்தை வைத்தேன். பள்ளி விட்டு வந்ததும், கழுத்தில் டேப்போடு அக்கா மாடியேறி வந்துவிடுவார். தலைப்பின் பச்சையை மட்டும் நாலு முறை மாற்றச் சொன்னார். "இது பாசி கலர் டீச்சர். கிளிப்பச்சைக்குக் கொஞ்சம் கீழ வேணும்" என்பார். மூன்று வாரம் இப்படியே போனது.

வெள்ளிக்கிழமை அவர் கணவருக்கு லீவு. அன்று தளத்தைப் பார்க்கச் சொல்லியிருந்தார். முந்தின நாள் சாயங்காலம், தீமுக்குப் புதிய பதிப்பு வந்திருப்பதாகத் திரையில் ஒரு வரி தெரிந்தது. யோசிக்காமல் அமுக்கிவிட்டு, சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

மறுநாள் அக்கா வந்து தயங்கி நின்றார். "அவர் தொறந்து பாத்தாராம். ஏதோ மலையும் பனியுமா தெரியுதாம். அட்ரஸ் சரிதானான்னு கேக்கறாரு."

திறந்து பார்த்தேன். நான் மாற்றிய எதுவுமே இல்லை. புதிய பதிப்பு எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. அக்காவின் கணவர் தன் அறையில் இருந்த இரண்டு நண்பர்களையும் நெட் சென்டருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். அக்கா விறுவிறுவென்று படியிறங்கிப் போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன்.

ஐந்து நிமிடத்தில் அளவு நோட்டோடு திரும்பி வந்தார். கடைசிப் பக்கங்களில், நான் திரையில் அடித்த ஒவ்வொரு நிற எண்ணையும் எழுத்தின் அளவையும் அப்படியே பார்த்து எழுதியிருந்தார். நிற எண்ணுக்கு முன்னால் வரும் # குறியை ஜன்னல் கம்பி போல வரைந்து, பக்கத்தில் 'தலைப்பு பச்சை', 'பட்டன்', 'எழுத்து பதினாலு' என்று குறிப்பு.

"அளவு மாதிரிதானே. திரும்பக் கேப்பீங்கன்னு எழுதி வச்சேன்" என்றார்.

இந்த முறை, தேவையில்லை என்று நான் ஒதுக்கியிருந்த சைல்டு தீம் வழியைப் பிடித்தேன். பேரன்ட் தீம் தன் பாட்டில் இருக்கும். நம் மாற்றங்கள் மட்டும் வேறொரு ஃபோல்டரில். பேரன்ட்டுக்கு எத்தனை புதிய பதிப்பு வந்தாலும் நம்முடையது கலையாது. அக்கா நிறங்களைப் படிக்க, நான் அடித்தேன். ஏற்றி இயக்கப் போனால், பேரன்ட் தீமைக் காணவில்லை என்றது தளம். ஒரு மத்தியானம் முழுக்கத் தேடினேன். கடைசியில், பேரன்ட்டின் பெயரைக் குறிப்பிடும் வரியில் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக அடித்திருந்தது கண்ணில் பட்டது. திருத்தியதும் பச்சை வந்தது.

அக்காவுக்கு அது போதவில்லை. "அன்னிக்கு அமுக்கினத இப்பவும் அமுக்குங்க. நான் பாக்கணும்."

அமுக்கப் புதிய பதிப்பு எதுவும் வந்திருக்கவில்லை. அதனால் பேரன்ட் தீமை மறுபடி இறக்கி, பழையதன் மேலேயே ஏற்றினேன். பக்கம் மெல்லத் திறந்தது. பச்சை அப்படியே இருந்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, டேப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் கணவர் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். படத்தில் தையல் மெஷினுக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைக் கண்டுபிடித்து, அது இன்னும் ஓடுகிறதா என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து, தளத்தைப் பார்த்துவிட்டு சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு கல்யாணப் பெண் தேடி வந்தாள். அக்கா அவளை மாடிக்கே கூட்டி வந்து எனக்குக் காட்டினார். தன் கணவர் ஊர் திரும்பும்வரை, அவர் பார்ப்பதற்காக அக்கா ஒவ்வொரு ரம்ஜானுக்கும் கடையைப் புதிதாகப் படம் எடுக்கச் சொல்லி, நான் அதை ஏற்றி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.