குவைத்திலிருந்து வந்த ஏழு படங்கள்

திருச்சானூரில் கோயிலுக்குப் போகும் தெருவில், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு இங்க்ஜெட் பிரிண்டரும் வைத்து 2006இல் கல்பனா போட்டோ கடை போட்டாள். பிச்சாட்டூர் பக்கத்துக் கிராமத்துப் பெண். கூலிக்கு நாற்று நட்ட மணியம்மாவின் மகள். திருப்பதியில் ஒரு கலர் லேபில் நாலு வருடம் வேலை பார்த்துவிட்டு, இனி நமக்கென்று ஒரு மெஷின் வேண்டும் என்று துணிந்தவள்.

முதல் வாரமே வம்பு வந்தது. பிரிண்டர் பெட்டியின் மேல் 4800 என்று பெரிதாகப் போட்டிருந்தது. படத்துக்கும் அதே எண்ணைக் கொடுத்தாள். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. அது மெஷின் ஒரு அங்குலத்தில் தெளிக்கும் மைத்துளிகளின் எண்ணிக்கை, படத்தில் இருக்கும் புள்ளிகள் வேறு என்பது பிறகுதான் புரிந்தது. ஒரே படத்தை அங்குலத்துக்கு நூறு, நூற்றைம்பது, இருநூறு, முந்நூறு புள்ளி என்று நாலு விதமாக அச்சடித்துச் சுவரில் ஒட்டி, வந்தவர்களிடமெல்லாம் எது நன்றாயிருக்கிறது என்று கேட்டாள். நூறில் புடவைக் கரை பல் பல்லாகத் தெரிந்தது. இருநூறுக்கும் முந்நூறுக்கும் வித்தியாசம் சொல்ல, மூக்கைச் சுவரில் இடிக்க வேண்டியிருந்தது. கையில் பிடிக்கும் படத்துக்கு முந்நூறு, மாட்டி வைக்கும் படத்துக்கு இருநூறு என்று முடிவு கட்டினாள்.

மறு வருடம் மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவள் ஊரிலிருந்து ஏழு வீட்டுப் பெண்கள் ஒரே ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஏழு வீட்டு ஆண்களும் குவைத்தில் ஒரே கம்பெனியில் டிரைவர்கள். அதில் மல்லிகாவின் கணவன் கன்னையா, ஏழு பேரும் லாரி முன்னால் வரிசையாக நிற்கும் படத்தைக் கடைக்கு மெயிலில் அனுப்பியிருந்தான்.

"கல்பனாக்கா, தனித்தனியா வெட்டி ஆளுக்கு ஒண்ணு பெரிசா போட்டுக் குடு. பொங்கலுக்கு வூட்ல மாட்டணும்" என்றாள் மல்லிகா.

அகலத்தில் மொத்தமே 640 புள்ளி. வெட்டினால் ஒருவருக்குத் தொண்ணூறு தேறும். சொன்னால் நம்பமாட்டார்கள் என்று கன்னையாவை மட்டும் முழுத்தாளில் அச்சடித்துக் காட்டினாள்.

மல்லிகாவின் தாய் கிருஷ்ணம்மா தாளை வாங்கிப் பார்த்தாள். "இன்னாடி இது, என் மருமவன் மூஞ்சி செங்கல்லு அடுக்கினாப்ல கீது?"

"நம்பர ஏத்திப் போட்டா வராதாக்கா?"

"நம்பர் ஏறும் மல்லிகா. இல்லாத புள்ளி எங்கருந்து வரும்? அண்ணனுக்குப் போன் போடு."

அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. கன்னையா உடனே எடுத்தான்.

"அண்ணா, கேமரா மெனுவுல சைஸ் இன்னா வெச்சுக்கீறீங்க?"

"சின்னதுதாம்மா. அப்பதான் கார்டுல நெறைய போட்டோ புடிக்குது."

"பெரிசுக்கு மாத்துங்க. கேமராவ நெட்டுக்குத்தா புடிச்சு ஒவ்வொருத்தரா எடுங்க. ஒரு மெயிலுக்கு ஒரு படம், சுருக்காம அனுப்புங்க."

"செர்தாம்மா, இன்னிக்கே எடுத்துர்றோம்."

அடுத்த வாரம் ஏழு மெயில் வந்தது. ஒவ்வொரு படமும் 1536க்கு 2048. இருநூறில் போட்டால் முழுத்தாளில் அழகாக அடங்கும். பெண்களை வரச் சொன்னாள்.

பிரிண்டரிலிருந்து முதலில் முடி, நெற்றி, மீசை, பிறகு ஒரு நீலக் கோட்டு இறங்கியது. "கோட்டெல்லாம் எப்ப வாங்கினாரு?" என்று மல்லிகாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்தவரும் நீலக் கோட்டு. மூன்றாமவருக்குக் கோட்டின் கை முழங்கை வரைதான் எட்டியது. நாலாவது வரும்போது பெண்கள் சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு படத்திலும் மேலிருந்து இரண்டாவது பித்தான் இல்லை. பித்தான் இருந்த இடத்தில் தொங்கிய நூல்கூடத் தெரிந்தது.

"ஏழு ஆம்பளைக்கு ஒரு கோட்டு! சூப்பர்வைசர் கோட்டா இருக்கும், மாத்தி மாத்திப் போட்டுக்கினு நின்னுக்கீறாங்க" என்று கிருஷ்ணம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மல்லிகா மட்டும் கன்னையாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கன்னத்துல சதை போட்டுக்கீறாருக்கா" என்று படத்தின் மேல் விரல் வைக்கப் போனாள்.

"தொடாதே, மை காயட்டும்!"

அந்தப் பொங்கலுக்கு ஏழு வீட்டிலும் நீலக் கோட்டு தொங்கியது. பார்த்தவர்கள் தங்கள் வீட்டு மெயில்களோடு கல்பனாவைத் தேடி வந்தார்கள். கோடைக்குள் அவள் இரண்டாவது பிரிண்டர் வாங்கினாள்.