பாக்கியக்கா வைத்த சுருக்கு

மகளைக் கட்டிக்கொடுத்த பத்து பெரெண்டாம் ஊரிலிருந்து பாக்கியக்காவின் மருமகன் சைக்கிளில் வந்தார். வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. "அத்தை போயிட்டாங்க" என்று அவர் சொல்லுமுன்பே மெஷினை மிதித்துக்கொண்டிருந்த என் கால் நின்றுவிட்டது.

எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் அக்காவைத் தெரியாத பெண்கள் இல்லை. என் வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டு நாங்கள் இருவரும் தைத்தோம். செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். நான் திட்டப்போகிறேன், அவரைத் தெரிந்த நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனியன் துணியில் சட்டை தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இழுத்தால் நீளும் துணி அது. கழுத்தைச் சுற்றி வைக்கிற பட்டியைக் கழுத்தளவைவிடக் குறைத்து வெட்டி, இழுத்துப் பிடித்துத் தைக்க வேண்டும். "இழுத்துத் தை கமலா, இல்லாட்டி துணியும் உன்னை மாதிரி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கும்" என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தனக்குத் தைத்த சட்டையில் பட்டியை நீளமாக வெட்டியிருந்தார். கழுத்து தொளதொளவென்று கிடந்தது. மகள் தேவகிக்கு அப்போதுதான் பேசி முடித்திருந்தார்கள். "என்னக்கா, நெனப்பு சம்பந்தி வீட்டுலயா?" என்று கேலி செய்தேன். அக்கா சிரிக்கவில்லை. வாயில் என்கிற மெல்லிய பருத்தித் துணியை எடுத்து, நூல் ஓட்டிச் சுருக்கி, அந்தக் கழுத்தைச் சுற்றி வைத்துத் தைத்துக்கொண்டார்.

பார்க்க அழகாக இருந்தது. அதுதான் வினை. எதிர்வீட்டுக்காரி அதே மாதிரி கேட்டாள். பிறகு தெருவே கேட்டது. நாட்டுக்குச் சுதந்திரம் வரும் நாள், மெர்டேக்கா, நெருங்க நெருங்க, கொண்டாட்டத்துக்குப் போகிற எல்லாருக்கும் சுருக்குக் கழுத்து வேண்டியிருந்தது. நான் சுருக்கிக் கொடுக்க, அக்கா வைத்துத் தைத்தார். அவருடைய சொந்தச் சட்டையில் மட்டும் சுருக்கு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனது.

ஒரு மத்தியானம், அவருக்கு நானே ஒன்று தைத்துத் தருகிறேன் என்று அளவு நாடாவைக் கழுத்தில் போட்டேன். சுருக்குக்கு அடியில் கல் மாதிரி ஒன்று விரலில் தட்டியது.

"எத்தனை நாளாக்கா இது?"

"சத்தம் போடாதே. பெரியாஸ்பத்திரிக்குப் போனா அறுக்கணும்பாங்க. ஊருக்கே தெரிஞ்சிடும். தாய்க்கு இப்படின்னா மகளை யாரு கட்டுவா? தை மாசம் தாலி ஏறட்டும், அப்புறம் நீயே கூட்டிட்டுப் போ."

"அதுவரைக்கும் அது சும்மா இருக்குமா?"

"இருக்கும் லா. நான் சொன்னா கேக்கும்."

கத்தினேன், அழுதேன், பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டும் பார்த்தேன். அவர் அசையவில்லை. மெர்டேக்கா அன்று பாடாங் திடலில் கூட்டத்தோடு நின்றோம். கொடியும் கோஷமுமாக இருந்தது. எனக்கு முன்னால் நின்ற எங்கள் தெருப் பெண்களின் கழுத்திலெல்லாம் அந்தச் சுருக்கு. எல்லாரும் கொடியைப் பார்த்தார்கள், நான் ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தாலி ஏறியது. சேலையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு, கம்மிய குரலில் அக்கா பந்தி விசாரித்தார். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். டாக்டர் ஒரு முறைதான் தொட்டுப் பார்த்தார். அறுக்கிற கட்டம் தாண்டிவிட்டது என்றார்.

சாவு வீட்டில் சம்பந்தியம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்களே கூட்டிட்டுப் போயிருப்போமே!" போயிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. தேவகி மட்டும் அழாமல் உட்கார்ந்திருந்தாள். "கல்யாணமே வேணாம்னு சொல்லியிருப்பேன் சின்னம்மா" என்றாள் என்னிடம். அக்காமேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அவருடைய மெஷினை மகள் எடுத்துப் போகட்டும். கத்தரியும் அவளுக்கே. எனக்கென்று அக்கா விட்டுப்போனது என் விரலில் தட்டிய அந்தக் கல்தான். இப்போது யார் சுருக்குக் கழுத்து கேட்டு வந்தாலும் முதலில் கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன். கூச்சமாக இருக்கிறது என்று சிரிக்கிறார்கள்.

நேற்று வந்த ஒருத்தி, என் விரலில் அதே மாதிரி கல் தட்டியதும், சிரிக்கவில்லை. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்கக்கா, மகளுக்குப் பேசிக்கிட்டு இருக்கோம்" என்று ஆரம்பித்தாள். நான் மெஷினை மூடினேன். கதவைப் பூட்டினேன். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, பட்டப்பகலில், ஆஸ்பத்திரி பஸ்ஸுக்கு நடந்தேன். தெருவே பார்த்தது. பார்க்கட்டும்.