வாசித்துக் காட்டாமல் போன சீட்டு

தேவநேசன் டாக்டர் போய்விட்டார்.

இன்று காலை, மகள் வீட்டில் வைத்து. போன் வந்தபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்... பிரஷ்ஷை எங்கே வைத்தேன் என்று இன்னும் தெரியவில்லை.

பாறசாலை சந்தைப் பக்கம் அவரிடம் போகாத குடும்பம் உண்டா? கள்ளிக்காட்டில் இருந்துகூட வண்டி கட்டி வருவார்கள். லண்டனுக்குக் கூப்பிட்டும் போகாத டாக்டர் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். அவர் அதை ஆமாம் என்றதும் இல்லை, இல்லை என்றதும் இல்லை.

கத்தி எடுக்கிற டாக்டர் அல்ல. நெஞ்சு, வயிறு, சர்க்கரை, பிரஷர், விடாத காய்ச்சல்... உட்கார்ந்து கேட்டு, பதில் சொல்கிற டாக்டர்.

பக்கத்து ஊர் கொல்லயில்காரன் தாசையன் ஒருநாள் கேட்டான். "டாக்டரே, பிரஷர் உள்ளவன் கருவாடு தின்னலாமா?"

"தின்னலாமே. உப்பில்லாத கருவாடு கிடைச்சா தின்னு. எனக்கும் ரெண்டு கொண்டு வா."

"அப்போ மரச்சீனிக் கிழங்கு?"

"மரச்சீனியால உனக்குக் கேடு ஒண்ணும் இல்லை தாசையா. உன்னாலதான் மரச்சீனிக்குக் கேடு."

வரிசையில் நின்ற காய்ச்சல்காரன்கூட சிரித்தான். பாதிக் காய்ச்சல் அங்கேயே இறங்கியிருக்கும்!

அவரிடம் ஒரு ரூல் உண்டு. மருந்து எப்படிச் சாப்பிட வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதுவார். "எதுல எழுதட்டு? தமிழா, மலையாளமா?" என்று கேட்டுத்தான் எழுதுவார்.

எழுதிய சீட்டை அவர் முன்னால் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். எழுத்துத் தெரியாதவர்கள் அவர் சொல்வதை மூன்று தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். இல்லாமல் யாரையும் வெளியே விடமாட்டார்.

ஒரே ஒருவனைத்தான் விட்டார். அது நான்.

தமிழ் பேசுகிற நம் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். எனக்கு அப்போது இருபது வயது. நான் கோஷம் போட்டால் நெய்யாற்றங்கரையில் கடைகளின் பலகை ஆடும். போலீஸ் ஜீப்பே என்னைக் கண்டு ரிவர்ஸ் எடுத்த கதை பழைய பதிவில் எழுதியிருக்கிறேன்.

தங்கம் அக்காவுக்கு அந்த வருஷம் மூச்சு முட்டலும் கால் வீக்கமும். நெஞ்சில் கோளாறு. டாக்டரிடம் கூட்டிப் போனேன். என் பின்னால் கோஷக் கூட்டத்துப் பையன்கள் ஏழெட்டுப் பேர்.

அக்கா மெல்லச் சொன்னாள். "டாக்டரே, மலையாளத்துல எழுதிடுங்கோ."

"எதுக்கு? தமிழ்ல எழுதணும்!" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "வீட்டுல வாசிக்க ஆளு உண்டா மக்கா?"

"நான் உண்டு!"

தமிழில் எழுதி நீட்டினார். "சரி, வாசி. கேக்கட்டு."

சீட்டை வாங்கி, பையன்களைப் பார்த்துத் தூக்கிக் காட்டினேன். "தமிழனுக்குத் தமிழ் வாசிக்கப் பரீட்சை வைக்கியாரு, பாத்தியளா எலே!"

ஒரே கைதட்டல். டாக்டர் என்னமோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது.

எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம். நானோ அதிலும் ஆறாம் கிளாசோடு சரி. மேடைப் பேச்செல்லாம் காதால் கேட்டு மனப்பாடம் செய்தது.

நாலு வீடு தள்ளி சர்ச் உபதேசியார் இருந்தார். தமிழ் வேதத்தைத் தண்ணீர்போல வாசிப்பார். அவரிடம் கேட்டிருக்கலாம்... கோஷம் போடுகிறவன் எப்படிக் கேட்பது?

"என்னடே எழுதியிருக்கு?" என்று அக்கா கேட்டாள்.

சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு சொன்னேன். "காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு. தெளிவாட்டு எழுதியிருக்காரு."

மூன்றாம் நாள் வாந்தி. மாத்திரை வெளியே போயிருக்கும் என்று இன்னொன்று கொடுத்தோம். கொடுத்தோம் என்ன... நான் கொடுத்தேன்.

"எலே, கஞ்சி மஞ்சளாட்டு இருக்கு. சுவரும் மஞ்சளாட்டு இருக்கு" என்றாள். நான் சிரித்தேன். "உனக்குக் கண்ணுலயும் கோளாறாக்கும்" என்றேன்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் அக்கா இல்லை.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். மாத்திரைக் குப்பியை எடுத்து ஆட்டிப் பார்த்தார். என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"சீட்டு எங்கே?"

சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"வாசி."

சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன்.

அவர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி வாசித்தார். "காலையில் பாதி மாத்திரை மட்டும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். வாந்தி வந்தால், பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே நிறுத்தி, என்னிடம் கூட்டி வரவும்."

சீட்டை மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

முன்பக்கம் அப்பா கேட்டார். "என்னவாக்கும் டாக்டரே ஆச்சு?"

"நெஞ்சு தாங்கல்லே" என்றார். சீட்டில் இருந்ததைக் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

எல்லையும் வந்தது. நாம் கேட்ட பக்கம் நாம் போகவில்லை; எங்கள் ஊர் மலையாளப் பக்கமே நின்றுவிட்டது. கோஷம் போட்ட எங்கள் கூட்டத்தில் இன்று நான் மட்டும்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு உபதேசியாரிடம் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தேன். ஒரே மாதத்தில் படித்தேன் என்று சொல்லித் திரிந்தேன். ஒரு வருஷம் ஆயிற்று.

படித்து முடித்ததும் இருமல் என்று சொல்லி டாக்டரிடம் போனேன். "எனக்கு இப்போ தமிழ் வாசிக்கத் தெரியும் டாக்டரே."

"நல்லது" என்றார். மலையாளத்தில் எழுதினார். "வாசி" என்றார்.

வாசித்தேன்.

கை நடுக்கம் வந்து அவர் பிராக்டீஸை நிறுத்துகிற வரைக்கும் அப்படித்தான். மற்ற எல்லோரிடமும் எதில் எழுதட்டும் என்று கேட்பார்... என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

நாளை அடக்கம். என் முட்டி சரியில்லை. போக முடியாது. முட்டி சரியாக இருந்தாலும் போயிருப்பேனா, தெரியவில்லை.

டாக்டரே, இது முழுக்க நானே தமிழில் டைப் பண்ணியது. உங்கள் ரூல்படி சத்தமாக இரண்டு தடவை வாசித்தும் பார்த்துவிட்டேன்.

கேட்கத்தான் நீங்கள் இல்லை.

போங்கோ டாக்டரே.