செடெனாக்கிலிருந்து ஜோகூர் பாருவுக்கு, அரை மாத்திரை கூடுதலாக

தைராய்டு மாத்திரை சாப்பிடும் வயதானவர்கள் செடெனாக் பக்கமிருந்து ஜோகூர் பாருவுக்கு நிபுணரைப் பார்க்கப் போவதாக இருந்தால், சென்ற செவ்வாய்க்கிழமை நான் போய்வந்த விவரம் உதவலாம். உதவாமலும் போகலாம். எனக்கு வயது எழுபத்து மூன்று. உயிரியல் ஆசிரியராக இருந்தவன். இந்த விஷயத்தில் அந்தப் படிப்புதான் என்னைக் கெடுத்தது.

ஒன்பது ஆண்டுகளாகத் தினமும் ஐம்பது மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று. இந்த ஆண்டு மதியத்தில்கூடக் குளிர்ந்தது, பெயர்கள் மறந்தன. இரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரி என்றார்கள். அப்புறம் ஏன் என்று தேடிப் படித்தேன். தைராய்டு ஹார்மோன் தனியாக ஒன்றும் செய்துவிடாது. செல்லின் உட்கருவில் டி.என்.ஏ. மேல் உட்கார்ந்திருக்கும் ஏற்பிகள் அதைப் பிடித்துக்கொண்டு மரபணுக்களை முடுக்கவோ அடக்கவோ வேண்டும். அந்த ஏற்பிகளை உண்டாக்கவும் மரபணுக்கள் உண்டு. வயதாக ஆக, சில திசுக்களில் அவை மந்தமாகின்றன என்று விலங்குகளில் கண்டிருக்கிறார்கள். மனிதரில் இன்னும் தெளிவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை வேகமாகக் கடந்துவிட்டேன். ஏற்பி குறைந்தால் ஹார்மோனைக் கூட்டினால் ஆயிற்று என்று, யாரிடமும் கேட்காமல் ஆறு வாரம் ஒன்றரை மாத்திரை விழுங்கினேன். டாக்டர் பார்க்கும் குறிப்பேட்டில் மட்டும் திட்டுக்குப் பயந்து "50" என்றே எழுதினேன். நாடித்துடிப்பை உள்ளபடி எழுதினேன்: எழுபதிலிருந்து தொண்ணூற்று நான்குக்கு ஏறியிருந்தது.

காலை 6.20க்குக் கிளம்பினோம். 48 கிலோமீட்டர். வாடகைக் கார் ஓட்டும் சேகர் எனக்குத் தெரிந்தவர். போக, வர, காத்திருக்க 150 ரிங்கிட். செனாய் அருகே தொழிற்சாலைப் பேருந்துகளுக்குப் பின்னால் இருபது நிமிடம் நின்றோம்.

"ஏன் சார், நெஞ்சுல கைய வெச்சிக்கிட்டே வர்றீங்க?"

சொல்லிவிட்டேன். சேகர் எஸ்டேட்டில் பிறந்தவர், அதனால் அவருக்குப் புரியும்படி விளக்கினேன். "காலையில ஆளுங்கள பெரட்டுக்கு, பேர் கூப்பிட்டு வேல பிரிக்க, மணி அடிப்பாங்கல்ல? ஹார்மோன் அந்த மணி. ஏற்பி, ஆளுங்களோட காது. எனக்கு வயசாகி காது மந்தமாயிருச்சு. அதான் மணிய கொஞ்சம் பலமா அடிச்சேன்."

"எல்லா ஆளுக்குமா காது போச்சு?"

"அது... உறுப்புக்கு உறுப்பு மாறும்."

"அலமாக்! அப்ப காது நல்லா இருக்கிறவன் கதி என்ன சார்? நீங்க அடிக்கிற அடியில விழுந்தடிச்சு ஓடுவான்லா. உங்க நெஞ்சு ஓடுது பாருங்க!"

முப்பத்தோரு ஆண்டு பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல."

"சொல்லிருங்க சார். திட்டுனா அஞ்சு நிமிசம்."

7.55க்கு மருத்துவமனை. என் எண் 14, அழைத்தது 9.40க்கு. டாக்டர் தமிழ்ப் பெண். முந்தின வாரம் கொடுத்த இரத்தத்தின் முடிவையும் என் குறிப்பேட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அம்பதுக்கே ஹார்மோன் இவ்வளவு ஏறியிருக்கே. வயசானா மருந்து கொறைவா போதும், அங்கிள். இருபத்தஞ்சா ஆக்கிடுறேன்."

தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் திட்டு இல்லை. ஆனால் எனக்கு வேண்டியதில் பாதிதான் கிடைக்கும், அதுவும் என் பொய்யை நம்பி.

"டாக்டர், அதுல எழுதினது பொய். நான் சாப்பிட்டது எழுபத்தஞ்சு."

அவர் கை நின்றது. "எத்தன நாளா?"

"நாப்பத்திரண்டு."

திட்டவில்லை. இதயத் துடிப்பைப் பதிவுசெய்து பார்க்கச் சொன்னார். நடுவே சில துடிப்புகள் தாளம் தப்பியிருந்தன. "நீங்க படிச்சது தப்பில்ல, அங்கிள். ஆனா எந்த உறுப்புல ரிசெப்டர் கொறைஞ்சிருக்குன்னு இந்த ரத்தத்துல தெரியாது. எனக்கே தெரியாது." மறுபடி ஐம்பது, ஆறு வாரம் கழித்து மீண்டும் பரிசோதனை. குளிருக்கு இரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

போகிறவர்கள் எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு கார் நிறுத்த இடமில்லை. காத்திருக்கும் கூடம் குளிரும், சட்டைக்கு மேல் ஏதாவது வேண்டும். மாத்திரைப் பெட்டியைக் கொண்டுபோங்கள். குறிப்பேட்டில் விழுங்கவேண்டியதை அல்ல, விழுங்கியதை எழுதுங்கள். படித்ததை டாக்டரிடம் கேள்வியாகக் கேளுங்கள். நான் அதை எனக்கே மருந்துச் சீட்டாக்கிக்கொண்டேன்.

திரும்பும்போது மணி 12.15. பின்னிருக்கையில் குறிப்பேட்டை விரித்து நாற்பத்திரண்டு வரிகளிலும் "50"ஐ அடித்து "75" என்று எழுதினேன்.

"மணிய என்ன சார் பண்ணச் சொன்னாங்க?" என்றார் சேகர்.

"பழையபடி அடிக்கச் சொல்லிட்டாங்க, தம்பி."

"குளிருதா?"

"கொஞ்சம்."

அவர் ஏர்கோனை அடைத்துக் கண்ணாடியை இறக்கினார். செடெனாக் வரும்வரை வியர்த்துக்கொண்டே ஓட்டினார்.