பின்சக்கரத்துக் காற்று

என் மருமகள் பனியன் கம்பெனி வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் மறைக்கவும் இல்லை. அவள் கல்யாணமாகி வந்த மறு வருஷம் கிணற்றில் தண்ணீர் குறைந்து, தோட்டத்தில் பாதி தரிசாகக் கிடந்தது. திருப்பூரில் செக்கிங் வேலைக்குப் போகிறேன் என்றாள். என் மகன் சரி என்றான். "நம்மூட்டுப் பொம்பளைங்க இதுவரைக்கும் கம்பெனி வேனுக்குக் காத்து நின்னதில்ல" என்று இரண்டு பேர் முகத்துக்கும் நேராகவே சொன்னேன். அவள் போனாள். நானும் அதற்கு மேல் பேசவில்லை.

எங்கள் தோட்டம் சூலூருக்குக் கிழக்கே, மெயின் ரோட்டிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. காலையில் லேடீஸ் சைக்கிளில் ரோட்டுக்குப் போய், அங்கிருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் அதை விட்டுவிட்டு வேன் ஏறுவாள். பொழுது சாய வேனில் இறங்கி, சைக்கிளை எடுத்துக்கொண்டு வருவாள்.

ஆடி மாதத்தில் பின்சக்கரத்தில் காற்று இறங்க ஆரம்பித்தது. சாயங்காலம் கல் மாதிரி வரும் டயர், விடிந்து பார்த்தால் சப்பையாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் பம்பு கிடையாது. பக்கத்துத் தோட்டத்துக்கு ஓடி, வாங்கி வந்து அடித்துக்கொண்டு போவதற்குள் வேன் போய்விடும். இப்படி இரண்டு தடவை போய்விட்டது. இன்னொரு நாள் தவறினால் வர வேண்டியதில்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

ஞாயிற்றுக்கிழமை என் மகன் டியூபைக் கழற்றி, காற்றடித்து, மாட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தான். காற்றடிக்கிற வாய்க்குள் தண்ணீர் போய்விடும் என்று அந்த இடத்தை மட்டும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்ற இடத்தையெல்லாம் சுற்றிச் சுற்றி முக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"டியூப்பு நல்லாத்தான் இருக்குது" என்றான்.

மருமகள் தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் காலையிலும் டயர் சப்பை. வேன் தாமதமாக வந்ததால் தப்பித்தாள் என்று பிறகு தெரிந்தது. அவள் போனபின் நான் தண்ணீருக்குக் குழாயடிக்குப் போனேன். பக்கத்துத் தோட்டக்காரி, பம்பு கொடுக்கிறவள், குடத்தை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்கக்கா, மருமக சைக்கிள்ல காத்த நீங்கதான் எறக்கி உடறீங்களாமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. தொட்டியடியில் பார்த்த அந்தப் பார்வை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. குடம் நிரம்பும்வரை நின்று, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சோறு இறங்கவில்லை. ஆனால் யோசிக்கத் தடையில்லையே. ராத்திரி என் வீட்டில் நிற்கும்போது இறங்குகிற காற்று, பகலெல்லாம் ஸ்டாண்டில் நிற்கும்போது ஏன் இறங்குவதில்லை? வீட்டுக்கு ஒரு நியாயம், ரோட்டுக்கு ஒரு நியாயம் என்று டயர் பார்க்குமா? செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

ஸ்டாண்டில் அவள் சைக்கிளைக் கண்டுபிடித்து, பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் அமுக்கினேன். பழுத்த பப்பாளி மாதிரி உள்ளே போயிற்று. ஸ்டாண்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"இது தெனமும் எறங்குதுங்களா?"

"எறங்குதுங்க. வேன் வர்றதுக்கு முன்னால நாந்தான் நாலு அடி அடிச்சு வெச்சுருவனுங்க."

"எம் மருமககிட்டச் சொன்னீங்களா?"

"இதப் போயி எதுக்குங்க சொல்றது? களைச்சு வர்றவீங்க. காத்துத்தானுங்களே."

"உங்க மரியாதைல எம் மானம் போச்சுங்க" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, "தொட்டீல முக்கறப்ப காத்தடிக்கிற வாயையும் முக்குனாருங்களா?" என்றார். இல்லை என்றேன். உடனே சக்கரத்தைத் திருப்பப் போனார். நான் தடுத்தேன்.

"தொடாதீங்க. இன்னிக்குக் காத்தும் அடிக்காதீங்க. அவ வந்து அவ கண்ணுல பாக்கட்டும்."

வேன் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் இறங்கி வந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கத்தில் ரிம் தரையில் படிய நின்ற சைக்கிளைப் பார்த்தாள்.

"இங்கயுமாங்க அத்தை?" என்றாள்.

ஸ்டாண்டுக்காரர் சிரித்தே விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் தான் காற்றடித்து வைத்ததை அவரே அவளிடம் சொன்னார். பிறகு கொஞ்சம் காற்றடித்து, மூடியைக் கழற்றி, விரலில் எச்சில் தொட்டுக் காற்றுவாயில் தடவினார். கடுகு அளவுக்கு ஒரு குமிழி எழும்பியது, உடைந்தது, மறுபடி எழும்பியது. உள்ளேயிருந்த ஊசியை உருவி எடுத்தார். அதன்மேல் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழல், அவர்கள் வால்டியூப் என்பார்கள், வெடித்துப் பிசுபிசுவென்றிருந்தது. கிள்ளி எறிந்துவிட்டுப் புதிது மாட்டினார்.

"நான் அப்படி ஒண்ணும் நெனைக்கலீங்க அத்தை" என்றாள் மருமகள், அவர் அந்தப் பக்கம் போனதும்.

"நெனைச்சே."

ஹாண்டில்பாரைப் பிடித்துச் சைக்கிளைத் திருப்பினாள். "நெனைச்சனுங்க" என்றாள்.

"இங்க பாரு அம்மிணி. வேலைக்குப் போக வேண்டாம்னு நாஞ் சொன்னது சொன்னதுதான். இன்னிக்கும் அதேதான் சொல்றேன், வேணும்னா நாளைக்கும் சொல்றேன். ஆனா வாயில சொல்லுவேன். இருட்டுல போயிக் காத்த எறக்கி உடற பொறப்பில்ல நானு."

கேரியரில் ஏறிக்கொள்ளச் சொன்னாள். நான் ஏறவில்லை. நடந்தேன். அவளும் ஏறாமல், காற்று நிறைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தாள். 

குழாயடியில் சாயங்காலத் தண்ணீருக்குக் கூட்டம் நின்றது. பக்கத்துத் தோட்டக்காரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "என்ன கண்ணு, தள்ளிட்டு வர்றே? இன்னிக்கும் காத்துப் போச்சா?" என்றாள்.

நான் நிற்காமல் நடந்தேன். மருமகள் நின்றாள்.

"காத்து கம்முனு இருக்குதுங்கக்கா. வால்டியூப்பு போயிருந்துச்சு. எங்கத்தைதான் ஸ்டாண்டுக்கே வந்து கண்டுபுடிச்சாங்க. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்."

எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "அவீங்க அப்படிச் செய்யறவீங்க இல்லைன்னு நான் அன்னிக்கே நெனைச்சேன்" என்றாள் தோட்டக்காரி. அவள் நினைத்தாளோ இல்லையோ. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தேன், மருமகள் வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று.