மந்திரியின் பேச்சைத் தமிழில் சொன்ன ஜவாஹிர்

ஜவாஹிருக்கு இலங்கையின் கம்பளை நகரக் கடைத்தெருவில் சிறிய துணிக்கடை. வீடு மகாவலி ஆற்றுக்கு அக்கரையில். மழை பிடித்தால் தோணி ஓடாது. போன மழைக்காலத்தில் பிள்ளை வலியோடு கரையில் காத்திருந்த ஒரு பெண் அங்கேயே இறந்துபோனாள். இப்போது ஜவாஹிரின் மனைவி றமீஸாவுக்கு மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆறு கலங்கினாலே ஜவாஹிர் கடையை விட்டுக் கரைக்கு ஓடிவிடுவார்.

அது 1934. எல்லோரும் வாக்குப் போட்டு உண்டான அரசாங்க சபையின் மந்திரி ஒருவர் கம்பளைக்கு வந்தார். மழைக்கு முன் அக்கரைக்கு ஒரு மருத்துவிச்சியை அனுப்பும்படி கேட்கச் சனம் திரண்டது. மந்திரியின் சிங்களத்தைத் தமிழில் சொல்ல ஜவாஹிரை மேடையேற்றினார்கள்.

மந்திரி சுற்றி வளைக்கவில்லை. "நான் ராஜா இல்லை. முதலில் என்னோடு சேர்ந்து முடிவெடுக்கும் சபைக் குழுவினர் சம்மதிக்க வேண்டும். பிறகு சபை வாக்களித்துப் பணம் ஒதுக்க வேண்டும். மழைக்கு முன் நடக்காது."

கூட்டத்தை ஏற்பாடு செய்த கடைக்காரர் றவூப் பின்னாலிருந்து முணுமுணுத்தார்: "அனுப்புறாராம்னு சொல்லுங்க தம்பி. சனம் சும்மா விடாது."

அப்படிச் சொல்லத்தான் ஜவாஹிருக்கும் ஆசை. ஆனால் கரையில் கிடந்த அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள் நின்றது. மருத்துவிச்சி வருவாளென்று நம்பிக் காத்திருந்தால் இன்னொருத்தியும் அப்படித்தான் கிடப்பாள். மந்திரி சொன்னதை அப்படியே சொன்னார். கூச்சல் எழுந்தது. ஒரு மண்கட்டி அவர் தோளில் விழுந்து உடைந்தது.

வீட்டுக்கு வந்து றமீஸாவிடம் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப இங்க இருக்க ஏலா," என்றாள் அவள். "கம்பளையில ராத்தா வீட்டுக்குப் போயிடுறேன்."

அவள் அக்காள் வீட்டுக்குப் போனாள். இன்னும் இரண்டு வீட்டார் தங்கள் பெண்களை ஆறு தாண்டி அனுப்பினார்கள். வீட்டைப் பார்க்கப் போன ஜவாஹிர், மழை பிடித்துத் தோணி நின்றதால் அக்கரையில் மாட்டிக்கொண்டார். கடையும் மனைவியும் இக்கரையில். பொழுது விடிந்தால் கரைக்குப் போய் நிற்பார். வெள்ளத்தின் இரைச்சலில் எந்தக் குரலும் எட்டாது. ஒருநாள் எதிர்க்கரையில் றவூப் தெரிந்தார். கையில் குடை. எதையோ கத்தினார். ஜவாஹிர் கேட்கவில்லையென்று கையை ஆட்டினார். றவூப் குடையைக் கீழே போட்டார், கைகளைக் கோத்துப் பிள்ளையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டினார், வாய்விட்டுச் சிரித்தார்.

வெள்ளம் வடிந்ததும் ஜவாஹிரும் றவூப்பும் ரயிலேறிக் கொழும்புக்குப் போனார்கள், மந்திரியிடமல்ல, அவருடைய குழு அங்கத்தவர்களிடம் மருத்துவிச்சி கேட்டு. மறு வருஷம் சபை பணம் ஒதுக்கியது. சந்திரிகா என்ற மருத்துவிச்சி பெட்டியோடு தோணியில் அக்கரைக்கு வந்து இறங்கினார்.